மஞ்சக்கரு

சுவர் குளிர்ந்திருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், வேனிலிருந்து இறங்கிப் படியேறுவதற்குள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிவிட்டது, உள்ளே வந்து தூணோரம் கையை வைத்தால் ஐஸில் கிடந்த மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஏன் மீன் ஞாபகம் வந்தது என்று தெரிந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் அவர் நெற்றியில் முத்தி செய்தபோது உதடு இப்படித்தான் பின்வாங்கியது. ததேயுஸ் என்று கூப்பிட்டேனா, என்னங்க என்றேனா, ஒன்றும் சொல்லவில்லையா, நினைவில்லை. கொழுந்தன் ரெமிஜியுஸ் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். இப்போது பெட்டி பீடத்துக்கு முன்னால் இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது, நான் கிட்டே போகவில்லை. இங்கே ஒரு பூசை, பூசை முடிந்ததும் வண்டி, வண்டியிலிருந்து கப்பல், கப்பலில் மணிலா, மணிலாவிலிருந்து விமானம், சென்னை, தூத்துக்குடி, வீடு, பிறகு மாமனார் பக்கத்தில் குழி. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதையே ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு மணி தவறினால் மறுபடி முதலிலிருந்து. உருட்டும்போதெல்லாம் ஓர் இடத்தில் விரல் நிற்கிறது. அவர் வேலை பார்த்த கப்பல் மணிலாவில் நின்றது என்றார்கள். அவர் செத்தது இந்த ஊரில். மணிலாவிலிருந்து இந்தத் தீவுக்கு வர ஒரு ராத்திரி ஆகிறது. நெஞ்சுவலி வந்த மனுசன் ஒரு ராத்திரி கடல் தாண்டி வந்தா விழுவான்? வேனில் வரும்போது ரெமிஜியுஸிடம் கேட்டேன். "கூட்டாளி ஊரு மதினி. லீவு கெடச்சா அண்ணன் இங்கன வந்து தங்குவானாம்," என்றான், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், ஜன்னலுக்கு வெளியே தென்னை மரம்தான், நம்ம ஊரில் பார்க்காத தென்னையா.

ஆனால் இந்தக் கோயில் எனக்குத் தெரியும். படியேறும்போதே தெரிந்தது, பயமாக இருந்தது, கனவில் பார்த்த வீட்டுக்குள் நிஜமாக நுழைகிற பயம். முகப்பில் பலாப்பழம் செதுக்கியிருக்கும் என்று தெரியும், இருந்தது. இறக்கை வைத்த சம்மனசுகளுக்குச் சப்பை மூக்கு என்று தெரியும், சப்பை மூக்குதான். எல்லாம் போனில் கேட்டது. இந்த நாட்டுப் பக்கம் கப்பல் வரும்போதெல்லாம் சொல்வார். "ஏட்டி, ஸ்பெயின்காரன் கட்டுன கோயிலு. கல்லு எங்க எடுத்தான்னு நெனக்க? கடலுக்குள்ள. பவளப்பாறைய அறுத்து அறுத்து வள்ளத்துல கொண்டாந்துருக்கான்." ஊரில் பூசை நேரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வெளியே நிற்கிற ஆள். பிரசங்கம் ஆரம்பித்தால் பீடி. அந்த ஆள் கோயிலைப் பற்றிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும். கடல் அவரைத் திருத்திவிட்டது என்று நினைத்தேன். மாமியிடம் சொன்னேன், மாமி பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். மாதாவே மணிலாவிலிருந்து கப்பலில் நம்ம ஊருக்கு வந்தவள்தான் என்று சொல்வார்களே, அதை வைத்துக் கிண்டல் வேறு, ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டும்போது, "மாதா வந்த ஊருக்குத்தாம்ட்டி போறேன், ஒண்ணும் ஆகாது." எத்தனை வருசம் இந்தப் பேச்சு. இங்கே சுவர் எவ்வளவு கனம், ஏன் கனம், நிலம் ஆடுகிற ஊர், முதல் கோயில் விழுந்தது, இரண்டாவது கோயிலும் விழுந்தது, மூன்றாவதைக் குட்டையாகக் கட்டி, வெளியே யானைக்கால் மாதிரி முட்டுச்சுவர் வைத்தார்கள். மணிக்கோபுரத்தைத் தள்ளிக் கட்டினார்கள், அது விழுந்தாலும் கோயில் மேல் விழாதபடிக்கு. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, கிளிஞ்சல் ஓட்டைச் சதுரமாக நறுக்கி மரச்சட்டத்தில் பதித்திருக்கிறார்கள், வெளிச்சம் பால் மாதிரி இறங்கும் என்பார். இறங்குகிறது. என் கையில், சேலையில், பெட்டியின் வெள்ளைத் துணியில், எல்லாவற்றிலும் அந்தப் பால் வெளிச்சம். இப்படிப் பேசத் தெரியாதே அந்த ஆளுக்கு என்று அப்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை. பால் மாதிரி என்று என்னைப் பார்த்தோ, பிள்ளையைப் பார்த்தோ, எதையாவது பார்த்தோ சொன்ன ஆளா.

ஒரு பெண் வந்தாள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், அழுது அழுது இமை தடித்திருந்தது. பெரிய சாமியார் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார், இந்தக் கோயில் பங்கில் உள்ள மரிவிக் உங்களைப் பார்த்துக்கொள்வாள் என்று. கையில் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். குடித்தேன். தள்ளி உட்கார்ந்தாள். அவள் இங்கிலீஷ் மெதுவாக இருந்தது, எனக்குப் பிளஸ்டூ இங்கிலீஷ், போதுமாக இருந்தது. முன்வரிசைகளில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள், ஒவ்வொருத்தரும் பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முகம் தெரியாத ஒரு மாலுமிக்கு இத்தனை பேரா, நல்ல ஜனங்கள் என்று நினைத்தேன். அவர் நல்ல ஜனங்கள் ஊரில் செத்தார் என்று வீட்டில் சொல்லலாம், மாமிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மேடம், நான் இங்கே பார்க்க வருகிறவர்களுக்குக் கோயிலைப் பற்றிச் சொல்கிறவள்," என்றாள் அவள். "எனக்கு வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன். யாராவது ஏதாவது பேசினால் பெட்டியைப் பார்க்காமல் இருக்கலாம். அவள் பீடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற குரல். ஒவ்வொரு ஆம்பிளையும் வருசத்தில் நாற்பது நாள் கூலியில்லாமல் வேலைக்கு வரவேண்டும், வராவிட்டால் அடி. கடலுக்குள் மூழ்கிப் பாறையை அறுத்தவர்களில் பலபேர் மேலே வரவில்லை. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. தரைக்கடியில் சாமியார்களின் கல்லறை உண்டு, கட்டியவர்கள் கல்லறை இல்லை. கொள்ளைக்காரர் படகு வந்தால் கோபுரத்து மணி அடிக்கும், ஊரே உள்ளே ஓடிவந்து கதவைத் தாழிடும், அதற்காகத்தான் கதவு அவ்வளவு பெரிது. மேலே பாருங்கள் என்றாள். பார்த்தேன். கல் வளைவுகள், வளைவுக்குள் வளைவு, கல்லில் செதுக்கிய பூ, நடுவே ஆழமான குவிமாடம். "அது கல் இல்லை மேடம். தகரம். தட்டையான தகரத்தில் வரைந்தது. கல் கூரை விழுந்தால் எல்லாரும் செத்துப்போவார்கள், அதனால் பெயிண்ட்டால் கல் மாதிரி வரைந்துவிட்டார்கள். அசந்து பார்த்தால் ஏமாந்துபோவோம்." நான் மறுபடி பார்த்தேன், தகரம் என்று தெரிந்த பிறகும் குழி குழியாகத்தான் தெரிந்தது. இதை மட்டும் அவர் சொன்னதில்லை. மற்றதெல்லாம் சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை. ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம். அவ்வளவு பெரிய கூரை.

பிறகு அவள் சுவருக்கு வந்தாள். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசினார்கள், அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஊர்ப் பெண்கள் கூடை கூடையாக முட்டை கொண்டுவந்து கொடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். "மிஞ்சிய மஞ்சள் கருவைச் சாமியார்களின் குசினியில் பாலும் சீனியும் போட்டு இனிப்பாகக் கிண்டினார்கள். இந்த ஊர் இனிப்பெல்லாம் அதிலிருந்து வந்தது." ஒப்பிக்கிற குரல் அந்த இடத்தில் தடுமாறியது. "இதை நான் முன்பெல்லாம் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. இவ்வளவு வெள்ளைக்கரு எடுத்தால் மஞ்சள் கரு என்ன ஆனது என்று யாருமே கேட்டதில்லை. ஒருத்தர்தான் கேட்டார். அதற்குப் பிறகுதான் விசாரித்தேன்."

ஊரில் என் அடுப்பு முன்னால் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு ஆம்லெட். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், கையில் உடைத்த முட்டை, தோட்டில் மஞ்சக்கரு உருண்டு நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் கேட்டேன். "வெள்ளைய செவத்துக்குப் பூசிட்டான் சரி, மஞ்சக்கருவ என்னங்க செஞ்சான்?" அந்தப் பக்கம் சிரிப்பு. "நல்ல கேள்விதாம்ட்டி. கேட்டுச் சொல்லுதேன்." அடுத்த வாரம் சொன்னார், முதல் பேச்சே அதுதான், ஏட்டி, இனிப்பு கிண்டுனானாம். யாரிடம் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே யாரோ இருப்பார்கள், கோயிலென்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கோயில்பிள்ளை இருக்கமாட்டாரா. நான் கேட்ட கேள்வி. என் அடுப்பங்கரையிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, இவளிடம் வந்து, இவள் யார் யாரிடமோ விசாரித்து, எங்கே வைத்துச் சொல்லியிருப்பாள், சாப்பிடும்போது சொல்லியிருப்பாளா, படுத்துக்கொண்டு சொல்லியிருப்பாளா, அது மறுபடி கடல் தாண்டி என் காதுக்குள் வந்திருக்கிறது. பால் மாதிரி வெளிச்சம் இவளுடையது. பலாப்பழம் இவளுடையது. நான் கேட்டுக் கேட்டு மகிழ்ந்ததெல்லாம் இவள் பேச்சு. அவர் வாய் வெறும் குழாய். இல்லை, அப்படி இருக்காது, ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், இவளிடம் இவரும் கேட்டிருப்பார், சும்மா ஒரு நாள், வாசலில் நின்று. இமை அப்படித் தடித்திருக்கிறதே. வாசலில் நின்று கேட்டவனுக்காகவா. இல்லை, பங்குக்காரி, இளகிய மனசு, எல்லாச் சாவுக்கும் அழுவாள். எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவள் மடியில் ஏறினாள். ஐந்து வயது இருக்கும். பூனைக்கண். மூக்கு இவள் மூக்கு. புருவம் மட்டும் நடுவில் சேர்ந்து, வலது பக்கம் ஒரு சுழி. என் பையனுக்கு அதே இடத்தில் அதே சுழி, எண்ணெய் தேய்க்கும்போது கட்டைவிரலால் நீவி நீவி விடுவேன், படியாது.

"பேரென்ன?" என்று கேட்டேன். வேறெதையோ கேட்கப் போய் அது வந்தது.

"நியேவெஸ்." அவள் குனிந்துகொண்டாள். "ஸ்பானிஷில் பனி என்று அர்த்தம், மேடம். உங்கள் ஊர் மாதாவின் பெயர். அவர்தான் வைத்தார்."

நான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். எழுந்து எங்கே போவது. பக்கவாசல் வரைக்கும் போனேன், அங்கே ரெமிஜியுஸ் வண்டிக்காரனோடு நின்றான், என்னைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டான். "தம்பி, உமக்குத் தெரியும்லா," என்றேன். அவன் சிகரெட்டை மிதித்துக்கொண்டே இருந்தான், அணைந்த பிறகும் மிதித்தான். "தெரியும் மதினி." "எப்பலேர்ந்து." "அந்தப் பிள்ள பொறந்தப்ப. அண்ணன் சத்தியம் வாங்கிட்டான்." "மாமிக்கு?" "அம்மாக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாமலே கூட்டிட்டுப் போயிரலாம்னுதான் பாத்தேன். பூச வேண்டாம்னு சொன்னேன். சாமியாரு கேக்கல." நான் அவனை அடிக்கவில்லை. அடிப்பேன் என்று அவன் நின்ற மாதிரி இருந்தது, அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வெளியே மணிக்கோபுரம் தனியாக நின்றது, உச்சியில் ஆலஞ்செடி முளைத்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஆலஞ்செடிதான். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. "வாங்க மதினி, எல்லாரும் பாக்காங்க," என்றான்.

எல்லாரும் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது, இந்த ஜனங்கள் எனக்காக வரவில்லை. அவர்களுடைய மரிவிக்கின் ஆளுக்காக வந்திருக்கிறார்கள், சந்தையில் அவளோடு நடந்தவர், பெருநாளுக்கு அவர்களோடு குடித்தவர், ஒருவேளை இந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவர். கூட்டத்தில் அன்னியம் நான்தான். சேலை கட்டிய ஒருத்தி எங்கிருந்தோ வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள். மரிவிக் எனக்கு முன்பெஞ்சைக் காட்டிவிட்டு மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள், பிள்ளையோடு. சொந்த ஊரில், சொந்தக் கோயிலில், மூன்றாவது வரிசை. எனக்கு அவள் மேல் இரக்கம் வரவேண்டுமா. வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் சரியாக வரவில்லை. சாமியார் படித்துக்கொண்டே போகிறார், ஒரு சொல்லும் புரியவில்லை, ததேயோ, ததேயோ என்று அவர் பெயர் மட்டும் அடிக்கடி விழுகிறது, அந்தப் பெயரும் பாதிதான் அவர். நான் என்ன செய்வேன். எழுந்து நின்று இந்த ஆளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய் இறங்கினால் மாமி வாசலில் நிற்பாள், பையன் மொட்டை போடக்கூடத் தயாராக, அது நம்ம வழக்கமில்லை என்றாலும் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டான், நான் போட்டுக்கட்டுமா அம்மா என்று. அவனிடம் என்ன சொல்வேன். கொண்டுபோகத்தான் வேண்டும். கொண்டுபோய் இறக்கினால் ஊரே வரும், நல்ல மனுசன், வெளிநாடு போயும் கெட்டுப்போகாத மனுசன், கோயில் கோயில் என்று கிடந்தவன் என்று சொல்வார்கள், ஏனென்றால் நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு போனுக்குப் பிறகும் பெருமையாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். நான் மார்பில் அடித்து அழவேண்டும். ஏழாம் நாள் அழவேண்டும், முப்பதாம் நாள் அழவேண்டும், வருசத் திதிக்கு. கல்லறைத் திருநாளுக்குப் பூ. மாமி சாகிறவரைக்கும் வாயைத் திறக்க முடியாது, மாமி செத்த பிறகு பையனுக்காகத் திறக்க முடியாது, அவனுக்குக் கல்யாணம் ஆனால் மருமகளுக்காக. நான் சாகும்போது அவர் பக்கத்தில்தான் வைப்பார்கள். அது யாரும் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை.

நற்கருணை அப்பம் வாங்க நான் போகவில்லை. போனவர்கள் திரும்பும்போது மரிவிக் என் பெஞ்சருகே நின்றாள். "இங்கே புதைக்கக் கேட்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள்," என்றாள் மெதுவாக. "நீங்கள் கொண்டுபோவீர்கள் என்று தெரியும். அவருக்கு நான் முறையாக ஒன்றும் இல்லை." நான் என்ன சொல்வேன் என்று நின்றாள். எத்தனை வருசம் என்று கேட்கலாம். என்னைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்கலாம். கேட்டால் ஏதாவது சொல்வாள், அதையும் நான் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கவேண்டும். "கொண்டுபோறேன்," என்றேன், தமிழில். அவளுக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று யோசித்தேன். வீட்டில் அவர் தமிழ் பேசியிருப்பார்.

பூசை முடிந்தது. மூடியைச் சாத்த நான்கு ஆம்பிளைகள் வந்தார்கள், சாத்தினார்கள், ஆனால் தூக்கவில்லை, எதற்கோ காத்து நின்றார்கள். சாமியார் என்னருகே குனிந்து சொன்னார், இங்கே ஒரு வழக்கம் உண்டு, செத்தவரின் சின்னப் பிள்ளையைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொடுப்பார்கள், போனவருடைய ஏக்கம் பிள்ளையைப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று, நீங்கள் மனது சங்கடப்பட்டால் வேண்டாம். செத்தவரின் பிள்ளை என்று அவர் சொன்னது எனக்கு இப்போதுதான் யாரோ முதல்முதலாகச் சொன்ன மாதிரி இருந்தது. நான் எழுந்தேன், பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் மரிவிக் பிள்ளையைத் தூக்கினாள். இந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ரெமிஜியுஸ் நின்றிருக்கவேண்டும், வண்டியைத் திருப்பப் போய்விட்டான். நான்தான் நின்றிருந்தேன். பிள்ளை அந்தரத்தில் வந்தது, வெள்ளைச் சாக்ஸ், கறுப்புச் செருப்பு, கால் இரண்டும் பெட்டிக்கு மேலே அவர் நெஞ்சு இருக்கிற இடத்தில் ஆடியது, மரிவிக்கின் பிடி நழுவியது, இன்னும் கொஞ்சம் விட்டால் போட்டுவிடுவாள். கை நீட்டி வாங்கிவிட்டேன். கனமாக இருந்தாள். பவுடர் வாசனை, வேர்வை வாசனை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கீழே விழாமல் இருக்கப் பிள்ளைகள் எவரைக் கட்டிக்கொள்ளுமோ அப்படி. காதுக்குள் ஏதோ கேட்டாள். அவர்கள் பாஷை. கேள்வி என்று மட்டும் தெரிந்தது. இரண்டாம் தடவையும் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன், பிள்ளை கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வோம். உடனே கழுத்தை விட்டுவிட்டுத் தானே இறங்கிக்கொண்டாள்.

மரிவிக் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"என்ன கேட்டாள்?" என்றேன்.

அவள் பிள்ளையின் தலையைத் தன் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவீர்களா என்று கேட்டாள்," என்றாள்.

நான்கு ஆம்பிளைகளும் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.